சேன் சீர்: பெண்களுக்கென எழுந்த பள்ளி மாளிகை

விடுதியில் தங்கிப் பயிலும் நமக்குப் பள்ளிக் கட்டடம் வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று. உண்பதும் உறங்குவதும், செபிப்பதும் சிரிப்பதும், அழுவதும் தேறுவதும் அதன் கூரையின் கீழேதான். ஆயினும் அந்தக் கட்டடத்தை யார் எழுப்பினார்கள், ஏன் அந்த இடத்தில் எழுப்பினார்கள், எந்தக் கதவு எந்தக் காலத்தில் திறந்திருந்தது, எப்போது மூடியது என்றெல்லாம் நாம் கேட்பது அரிது. அவ்வாறு கேட்டால், ஒரு காலத்தார் பெண்களைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதற்கு அந்தச் சுவர்களே விடை கூறும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது பிரெஞ்சு நாட்டில் உள்ள சேன் சீர். ஐரோப்பாவில் பெண்களுக்கென எழுந்த விடுதிப் பள்ளிகளுள் மிகப் புகழ் பெற்ற அந்தப் பள்ளியின் கட்டடமும் நிலமும் மூன்றே கால் நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கண்ட மாற்றங்களை இக்கட்டுரையில் காண்போம்.

சிறையில் பிறந்த பெண்

வெர்சாய் அரண்மனைக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள் அமைந்த சிற்றூர் சேன் சீர். தன் தாய் புனித யூலித்தாளுடன் வேதசாட்சியாக மரித்த சிறுவனாகிய புனித சீரின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறது. அங்கே பெண்களுக்கு ஒரு பள்ளி எழுவதற்குக் காரணமாக இருந்தவர் மேன்த்தனோன் அம்மையார்.

அம்மையாரின் இயற்பெயர் பிரான்சுவாஸ் தோபிஞே. 1635-ஆம் ஆண்டு நியோர் என்னும் ஊரில், தந்தை சிறைப்பட்டிருந்த காலத்தில், அவர் பிறந்தார். குலத்தால் உயர்ந்த குடும்பம். ஆனால் அடுத்த வேளை உணவுக்கு வழியற்ற வறுமை. இளமையில் சில ஆண்டுகள் கடல் கடந்து மார்த்தினிக் தீவில் கழிந்தன. பின்னர் ஊர்சுலின் கன்னியர் மடங்களில் கல்வி பெற்றார். 1652-இல் நோயுற்று நடமாட இயலாதிருந்த கவிஞர் ஸ்காரோன் என்பவரை மணந்து, 1660-இல் கைம்பெண்ணானார். அதன்பின் மன்னரின் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அரசி 1683-இல் மறைந்த பின்னர், 14-ஆம் லூயி மன்னர் அவரை ஊரறியாமல் மணந்து கொண்டார். 1674-இல் நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கால் ஊன்றியதும் இம்மன்னர் காலத்தில்தான்.

அரண்மனைச் செல்வம் கைக்கு வந்த பிறகும் அம்மையார் தம் இளமை வறுமையை மறக்கவில்லை. மன்னரின் போர்களில் பொருளையும் உடல்நலத்தையும் இழந்த வீரர் பலர் இருந்தனர். உயர்குடியில் பிறந்த அவர்கள் கைத்தொழில் செய்யவும் வணிகம் நடத்தவும் குல வழக்கம் இடம் தரவில்லை. அவர்களுடைய ஆண் மக்கள் படையில் சேரலாம். பெண் மக்களின் கதி? சீதனம் இல்லையேல் திருமணம் இல்லை. கன்னியர் மடத்தில் சேர்வதற்கும் பொருள் வேண்டும். இத்தகைய பெண்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்பதே அம்மையாரின் எண்ணம்.

எடுத்த எடுப்பிலேயே மாளிகை எழுந்துவிடவில்லை. பிரினோன் என்னும் ஊர்சுலின் கன்னிகை நடத்திய சிறு பள்ளிக்கு அம்மையார் முதலில் துணை நின்றார். அது 1682-இல் ருவேய் என்ற ஊருக்கும், 1684-இல் வெர்சாய்க்கு அருகே மன்னர் தந்த நுவாஸி மாளிகைக்கும் மாறியது. நுவாஸியில் மாணவியரின் ஒழுங்கைக் கண்டு மகிழ்ந்த மன்னர், 250 பெண்கள் தங்கிப் படிக்கும் நிலையான இல்லம் ஒன்றை எழுப்ப இசைந்தார். வாடகை வீட்டில் தொடங்கி, இரவல் மாளிகைக்கு மாறி, பின்னர் சொந்த நிலம் காண்பது நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றின் வரலாறும் அல்லவா?

பதினைந்து திங்களில் ஒரு மாளிகை

கட்டடத்துக்கு வரைபடம் தீட்டியவர் மன்சார். வெர்சாய் அரண்மனையின் புகழ் பெற்ற கண்ணாடிக் கூடத்தை அமைத்த அதே கலைஞர்தாம் அவர். 1685-ஆம் ஆண்டு மே திங்களில் வேலை தொடங்கியது. சுமார் 2,500 பேர் உழைத்தனர். அவர்களுள் படைவீரரும் இருந்தனர். பதினைந்தே திங்களில், 1686-ஆம் ஆண்டு கோடையில், வேலை முடிந்தது. செலவு 14 இலட்சம் லிவ்ர். லிவ்ர் என்பது அந்நாளைய பிரெஞ்சு நாணயக் கணக்கு. சூலைத் திங்கள் இறுதியில் மாணவியர் நுவாஸியிலிருந்து புதிய இல்லத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்த மாளிகையில் வெர்சாயின் பொன்முலாமும் பளிங்கும் இல்லை. முற்றங்களைச் சூழ்ந்து நீண்டு செல்லும் எளிய கட்டடம் அது. வகுப்பறைகள், உறங்கும் கூடங்கள், உணவுக்கூடம், நோயுற்றோர் விடுதி, கோவில் அனைத்தும் அதில் அடங்கின. பின்புறம் மதில் சூழ்ந்த தோட்டமும் நடைபாதைகளும் இருந்தன. கட்டிலிலிருந்து அடுக்களைப் பாத்திரம் வரை இன்னது இத்தனை வேண்டும் என்று அம்மையாரே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தார்.

எல்லாம் சரி; நிலம் ஒன்றுதான் சரியில்லை. சேன் சீர் தாழ்வான, ஈரம் மிகுந்த நிலம். நீரை வடித்த பின்னரே அங்குக் கட்டடம் எழுப்ப முடிந்தது. மன்னரின் கட்டளைக்கு அஞ்சி அவசரமாக எழுப்பிய சுவர்களை ஈரம் எளிதில் விட்டு அகலவில்லை. பழுதுபார்க்கும் வேலை ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. பணமும் பணியாளரும் எத்தனை இருந்தாலும், நிலத்தையும் நீரையும் ஆராயாமல் கட்டினால் அதன் துன்பத்தை அங்கு வாழ்வோரே சுமக்க வேண்டும். பள்ளிக்கு இடம் தேடுவோர் முதலில் கிணற்றையும் வடிகாலையும் பார்ப்பது எத்துணை அறிவுடைமை என்பதை இதனால் அறிகிறோம்.

இல்லத்தை நடத்தப் பொருள் வேண்டுமே! பாரிசுக்கு வடக்கே சேன் தெனி என்னும் ஊரில் பழம்பெரும் துறவு மடம் ஒன்று உண்டு. பிரெஞ்சு மன்னர்களை அடக்கம் செய்த இடம் அதுவே. அம்மடத்துத் தலைவருக்கு உரிய வருமானத்தை மன்னர் சேன் சீருக்கு ஒதுக்கினார். இந்த மடத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் மீண்டும் அங்கே செல்வோம்.

நான்கு நிற நாடாக்கள்

ஏழு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஒரு சிறுமி சேன் சீரில் சேரலாம். தந்தை வழியில் நான்கு தலைமுறை உயர்குடிப் பிறப்புக்குச் சான்று காட்ட வேண்டும். வறுமைக்கும் சான்று வேண்டும். சேர்ந்த பின்னர் இருபது வயது வரை அவளுக்கு அதுவே வீடு. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் வழக்கம் இல்லை. பெற்றோர் ஆண்டுக்கு நான்கு முறை, பெருவிழாக் காலங்களில் மட்டும், பார்வையாளர் அறையில் வந்து காணலாம். திங்கள் தவறாமல் தாய் தந்தையர் வந்து காணும் நமக்கு அந்தச் சிறுமியரின் தனிமை எளிதில் விளங்காது. இருபது வயதில் வெளியேறும்போது ஒவ்வொருத்திக்கும் 3,000 லிவ்ர் சீதனமாகக் கிடைத்தது. அதைக் கொண்டு திருமணம் செய்யலாம், துறவும் பூணலாம்.

மாணவியர் அனைவருக்கும் பழுப்பு நிறக் கம்பளி உடை. வகுப்பைக் காட்டுவது நாடாவின் நிறம். பத்து வயது வரை உள்ள சிறுமியருக்குச் சிவப்பு. அடுத்த வகுப்புக்குப் பச்சை. அதற்கு மேல் மஞ்சள். பதினேழு முதல் இருபது வயதினருக்கு நீலம். சிவப்பு வகுப்பினர் எழுத்தும் எண்ணும் ஞான உபதேசமும் கற்றனர். பச்சை வகுப்பில் வரலாறும் புவியியலும் சேர்ந்தன. மேல் வகுப்புகளில் தாய்மொழியை அழகாகப் பேசவும் எழுதவும் பயின்றனர். இசையும் தையலும் கற்றனர்.

ஒவ்வொரு வகுப்பும் எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்திருந்தது. ஒரு குழு ஒரு குடும்பம் போன்றது. அதற்குத் தலைவியாக ஒரு மாணவி இருந்தாள். நீல வகுப்பில் சிறந்தோர் கருநிற நாடா அணிந்து, ஆசிரியைகளுக்குத் துணையாக நின்று, சிறியோர்க்குக் கற்பித்தனர், நோயுற்றோரைக் கவனித்தனர். 250 சிறுமியரை ஒரே கூரையின் கீழ் வைத்து, அவர்களுள் ஒருத்தியும் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் காக்க அம்மையார் கண்ட வழி இது. அக்காமார் துணையுடன் விடுதி வாழ்வில் முதல் வாரத்தைக் கடந்த நம்மில் எவருக்கும் இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

அம்மையார் அடிக்கடி அங்கு வருவார். பல நாள்களில் விடியற்காலை ஆறு மணிக்கே வெர்சாயிலிருந்து வந்து, சிறுமியர் எழுந்து உடுத்துவதற்கு உதவுவார். அரசரின் துணைவி ஒரு சிறுமிக்குத் தலை வாரிவிடும் காட்சியை அந்நாளில் வேறு எங்கும் காண இயலாது.

திறந்த கதவும் மூடிய கதவும்

சேன் சீரைத் தொடங்கியபோது அதைக் கன்னியர் மடமாக்கும் எண்ணம் மன்னருக்கும் இல்லை, அம்மையாருக்கும் இல்லை. இல்லறத்திலும் உலகிலும் வாழப் போகும் பெண்களுக்கு உலகை அறிந்த ஆசிரியைகளே வேண்டும் என்று கருதினர். ஆகவே அங்கிருந்த 36 ஆசிரியைகளும் எளிய வார்த்தைப்பாடு மட்டுமே கொடுத்தனர். துறவு உடை அணியவில்லை.

நல்ல மொழியும் நல்ல நினைவாற்றலும் வளர நாடகம் துணை செய்யும் என்பது அம்மையாரின் கருத்து. மாணவியர் நடிப்பதற்கேற்ற பக்தி நாடகம் ஒன்றை எழுதித் தரும்படி பிரெஞ்சு மொழியின் தலைசிறந்த நாடகாசிரியரான ரசீனை அவர் வேண்டினார். அவ்வாறு பிறந்தது வேதாகம வரலாற்றைக் கூறும் 'எஸ்தேர்' நாடகம். 1689-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் அது அரங்கேறியது. அரங்கம் எங்கே தெரியுமா? இரண்டாம் மாடியில், உறங்கும் கூடங்களின் முன்னே இருந்த பெரிய முகப்புக் கூடத்தில்! படிப்படியாக உயரும் இருக்கைகளில் மாணவியர் அமர்ந்தனர். உச்சியில் சிவப்பு நாடாச் சிறுமியர், அவர்களுக்குக் கீழே பச்சை, பின்னர் மஞ்சள், அடியில் நீலம். மன்னர் வந்து பார்த்து மகிழ்ந்தார். நாடிழந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்த இங்கிலாந்து மன்னர் 2-ஆம் ஜேம்சும் பிப்ரவரித் திங்களில் வந்து பார்த்தார். அரண்மனையார் அனைவரும் அழைப்புக்காக ஏங்கினர்.

புகழ் வந்தது; அதன் பின்னே தொல்லையும் வந்தது. பட்டும் மணியும் பூண்டு அரசவையின் கைதட்டலைப் பெற்ற மாணவியரிடம் செருக்கு தலைகாட்டியது. குரல் கெட்டுவிடும் என்று சிலர் கோவிலில் பாடவும் மறுத்ததாக அந்நாளைய குறிப்புகள் கூறுகின்றன. அரசவை இளைஞரின் கண் பள்ளியின் மீது விழுவதைக் கண்டு பெரியோர் பலர் குறை கூறினர். அம்மையார் அஞ்சினார். ரசீன் அடுத்து எழுதிய 'அத்தாலி' நாடகத்தை 1691-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திரையும் இன்றி, ஒப்பனை உடையும் இன்றி, சிலர் முன்னிலையில் மட்டுமே மாணவியர் நடித்தனர்.

மறு ஆண்டு, 1692-இல், பெரிய மாற்றம் நிகழ்ந்தது. சேன் சீர் புனித அகுஸ்தினார் சட்டத்தைப் பின்பற்றும் மடமாகியது. ஆசிரியைகள் முழுத் துறவு பூண்டனர். வெளியார் வருகை குறைந்தது. கட்டடத்தின் ஒரு கல்லும் இடம் மாறவில்லை. ஆனால் நேற்று வரை அரசவைக்குத் திறந்திருந்த வாயில் இன்று அடைபட்டது. 1686-இல் உலகை நோக்கித் திறந்த பள்ளி ஆறே ஆண்டுகளில் உள்நோக்கித் திரும்பியது.

இது நன்மையா, தீமையா? இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பதே நேர்மை. அமைதி திரும்பியது, படிப்பு நிலைபெற்றது, பள்ளி ஒரு நூற்றாண்டு நீடித்ததற்கு அத்துறவியரின் ஓயா உழைப்பே காரணம். அதே வேளையில், மாணவியர் சிலரின் செருக்கைத் திருத்த நினைத்தவர்கள், அரங்கத்துடன் பெண்களின் அறிவுக்கும் பேச்சுக்கும் இருந்த இடத்தையும் சுருக்கிவிட்டனர் என்பதை மறுக்க இயலாது. இனி அதிகம் வாசிக்க வேண்டாம், கைவேலையே போதும் என்னும் போக்கு அங்கு வளர்ந்தது. பள்ளியின் கதவை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்னும் கேள்வி பெண்கள் விடுதிகளில் இன்று வரை தீராத கேள்வியே.

மன்னர் மரணப் படுக்கையில் இருந்தபோது, 1715-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அம்மையார் அரண்மனையை விட்டு நீங்கிச் சேன் சீருக்கு வந்தார். அதன்பின் அவர் வெளியே குடிபோகவில்லை. 1717-இல் இரஷியப் பேரரசர் பீட்டர் அங்கு வந்து அவரைப் பார்த்தார். 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். தாம் எழுப்பிய இல்லத்தின் கோவிலிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

மாணவியர் வெளியேறிய நாள்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. உயர்குடிப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த விதி 1790-இல் நீங்கியது. ஆனால் மன்னர் பெயரால் எழுந்த இல்லம் நீடிக்கப் புரட்சியாளர் விடவில்லை. 1792-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இளம் படை அதிகாரி ஒருவர் சேன் சீருக்கு வந்து, அங்கு எட்டு ஆண்டுகளாகப் பயின்ற தம் தங்கையை அழைத்துச் சென்றார். அந்த அதிகாரி நெப்போலியன் போனபார்ட். தங்கை பதினைந்து வயது எலிசா. பின்னாளில் அப்பெண் இத்தாலியில் லூக்கா நாட்டையும் தஸ்கனி நாட்டையும் ஆண்டார். சேன் சீரின் மாணவியருள் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தவர் அவர்.

1793-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளியை மூடும் ஆணை பிறந்தது. மே திங்கள் பிறப்பதற்குள் எஞ்சியோர் அனைவரும் வெளியேறினர். 107 ஆண்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்குப் பயின்றிருந்தனர். உறங்கும் கூடங்கள் படைவீரர் மருத்துவமனையாயின. 'புனிதர்' என்னும் சொல்லே ஆகாது என்று ஊரின் பெயரையும் 'விடுதலைப் பள்ளத்தாக்கு' என மாற்றினர். 1794-ஆம் ஆண்டு சனவரியில் கோவிலை மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றிய வேலையாட்கள், அம்மையாரின் கல்லறையை உடைத்து உடலை அவமதித்தனர்.

1808-இல் நெப்போலியன் தம் படை அதிகாரிகளுக்கான கல்லூரியைச் சேன் சீருக்குக் கொண்டுவந்தார். சிறுமியர் நாடாக்களுடன் நடந்த முற்றங்களில் இளைஞர் துப்பாக்கியுடன் அணிவகுத்தனர். 'சேன் சீர்' என்றதும் உலகம் போர்க் கல்லூரியையே நினைத்தது. பெண்களுக்கென எழுந்த இடம் என்பதே பலர் நினைவிலிருந்து மறைந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் குடியரசின் தலைவரான தெ கோல் அங்குப் பயின்றவர்களுள் ஒருவர்.

இரண்டாம் உலகப் போரில் அக்கல்லூரி இடம் பெயர்ந்தது. 1944-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் மன்சார் எழுப்பிய மாளிகை இடிந்து விழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விடம் இடிபாடாகவே கிடந்தது. போர்க் கல்லூரி பிரித்தானி மாநிலத்தில் உள்ள கொயெத்கிதான் என்ற இடத்தில் நிலைத்துவிட்டது. சேன் சீர் என்னும் பெயரை மட்டும் உடன் கொண்டு சென்றது. பழைய நிலத்தில் 1960-களில் கட்டடத்தைப் பழைய வடிவை ஒட்டி மீண்டும் எழுப்பினர். 1966-இல் அது படைவீரர் மக்களுக்கான விடுதிப் பள்ளியாகத் திறந்தது. பல முறை இடம் மாறிய அம்மையாரின் எஞ்சிய எலும்புகளும் 1969-இல் அங்குள்ள சிற்றாலயத்துக்குத் திரும்பின.

அந்தப் பள்ளியில் இன்று ஆண்களுடன் பெண்களும் பயில்கின்றனர். சேன் சீர்ப் பெயர் தாங்கிய போர்க் கல்லூரியும் 1983-இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. மன்னரின் போரில் வறுமையுற்ற வீரரின் மகளுக்காக அன்று எழுந்த இடத்தில், இன்று நாட்டுப் படைவீரரின் மகள் வந்து அமர்கிறாள். குலச்சான்று மட்டும் இப்போது எவரும் கேட்பதில்லை.

சுவரைத் தாண்டி வாழ்ந்த பள்ளி

கட்டடம் கைமாறியதும் சேன் சீர் மறைந்துவிட்டதா? இல்லை. அதன் புகழைக் கேட்ட இரஷியப் பேரரசி 2-ஆம் கத்தரீன், 1764-இல் தம் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் உயர்குடிப் பெண்களுக்கு ஸ்மோல்னி என்னும் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கும் வயதுக்கேற்ப உடையின் நிறம் மாறியது. குவாரெங்கி என்னும் இத்தாலியக் கலைஞர் 1806 முதல் 1808 வரை அதற்குப் புதிய மாளிகை எழுப்பினார். அந்த மாளிகையின் விதியும் சேன் சீரின் விதியை ஒத்ததே. 1917-இல் இரஷியப் புரட்சியின் தலைமையகம் அங்கேதான் அமைந்தது; மாணவியர் உலாவிய தாழ்வாரங்களில் லெனின் நடந்தார். பின்னர் அது அரசு அலுவலகமாயிற்று.

தங்கையைச் சேன் சீரிலிருந்து அழைத்துச் சென்ற நெப்போலியனே 1805-இல் மற்றொரு முடிவெடுத்தார். படையில் தொண்டாற்றி விருது பெற்றோரின் பெண் மக்களுக்கு விடுதிப் பள்ளிகளை நிறுவ ஆணையிட்டார். முதல் பள்ளி எக்குவான் மாளிகையில் அமைந்தது; அது இன்று அருங்காட்சியகம். அடுத்த பள்ளி எங்கே அமைந்தது தெரியுமா? சேன் தெனி மடத்தில்! எந்த மடத்தின் வருமானம் சேன் சீர் மாணவியருக்கு ஒரு நூற்றாண்டு உணவளித்ததோ, அந்த மடத்தின் கட்டடமே பெண்களின் பள்ளியாயிற்று. புரட்சியால் துறவியர் வெளியேறிய அக்கட்டடத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் வரைபடம் தீட்டியவர், மன்சாரின் மாணவரும் மைத்துனருமான ரொபேர் தெ கோத். அந்தப் பள்ளி இன்றும் பெண்களுக்கு மட்டுமான விடுதிப் பள்ளியாகவே நடைபெறுகிறது. அங்கு மாணவியர் வகுப்புக்கு ஒரு நிறப் பட்டையை இன்றும் அணிகின்றனர்.

ஆகவே சேன் சீரின் வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. ஒன்று, கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. மன்னரின் செல்வமும் மன்சாரின் கலையும் சேர்ந்து எழுப்பிய மாளிகையே மாணவியரைக் காக்கவில்லை. ஓர் ஆணையில் மருத்துவமனையாயிற்று. மற்றோர் ஆணையில் படைவீடாயிற்று. ஒரே நாளில் குண்டுக்கு இரையாயிற்று. பெண்களுக்கென ஒதுக்கிய இடம் பெண்களுக்கே நிலைக்க வேண்டுமானால், அதை விரும்பிக் கேட்டுக் காப்போர் ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும்.

மற்றொன்று, இடிக்க முடியாத பகுதியும் ஒரு பள்ளிக்கு உண்டு. வயதுக்கு ஒரு நிறம், பத்துப் பேருக்கு ஒரு குடும்பம், சிறியவளுக்கு மூத்தவள் துணை என்ற எளிய வழக்கங்கள் அவை. ஈரமான சேன் சீர் நிலத்திலிருந்து அவை நெவா நதிக்கரைக்குச் சென்றன. சேன் தெனி மடத்துக்குள் புகுந்தன. கல்லைக் காட்டிலும் நீண்ட காலம் வாழ்ந்தன. அவற்றைச் சுமந்து சென்றவர்கள் அந்த இல்லத்தில் வளர்ந்தவர்களும், அதன் புகழைக் கேட்டவர்களுமே.

நம் பள்ளியிலும் பழைய கட்டடம் உண்டு. புதிய மாடி உண்டு. நாம் பிறப்பதற்கு முன் எவரோ நட்ட மரங்கள் உண்டு. அவற்றின் ஆண்டையும் காரணத்தையும் மூத்த ஆசிரியைகளிடமும் பழைய மாணவியரிடமும் கேட்டு எழுதி வைப்போமாக. எந்த அறை எப்போது யாருக்காக எழுந்தது என்று அறிந்தவளே, அது தன் தங்கையருக்கும் நிலைக்க வேண்டும் என்று துணிந்து கேட்பாள். நாம் விட்டுச் செல்லும் நல்ல வழக்கங்களை அந்தத் தங்கையர் நம்மைக் காட்டிலும் நெடுந்தொலைவு கொண்டு செல்வார்கள்.